துளசியின் பின்கால்

குத்தின் பலம் எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டால் இடுப்பிலிருந்து என்பீர்கள். எனக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். நானும் வகுப்பு வகுப்பாக "இடுப்பைத் திருப்பு, இடுப்பைத் திருப்பு" என்று கத்தியே தொண்டையைக் கெடுத்துக்கொண்டவன். அது பிழையான பாடம் இல்லை. ஆனால் இடுப்பு திரும்புவதற்குப் பின்கால் வழிவிட வேண்டும். பின்கால் வழிவிடாவிட்டால் நீங்கள் எவ்வளவு கத்தினாலும் பிள்ளையின் குத்து வெறும் கையின் குத்தாகத்தான் இருக்கும்.

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் இப்போது வகுப்புகளைப் பொறுப்பெடுத்திருக்கும் உங்களுக்குக் கராத்தேக் கட்டாக்களின் வரிசையையோ போட்டி விதிகளையோ நான் சொல்லத் தேவையில்லை. அவையெல்லாம் உங்கள் போனிலேயே இருக்கின்றன. போனில் இல்லாத ஒன்றைப் பற்றிச் சொல்லலாம் என்று இருக்கிறேன். பக்கத்து வகுப்புப் பயிற்றுவிப்பாளரை நினைத்து வயிறு எரியும்போது என்ன செய்வது என்பது அது. எரியாது என்று சொல்லாதீர்கள். இந்தத் தொழிலில் எல்லோருக்கும் எரியும்.

எனக்குப் பழக்கியவர் வவுனியாவில் இருந்தார். பெயரைச் சொல்வதை அவர் விரும்பமாட்டார். ஒருநாள் சீமெந்துத் தரையில் பொலித்தீனை விரித்து, அதன்மேல் தண்ணீரை ஊற்றி, என்னை அதில் நின்று குத்தச் சொன்னார். குத்தினேன். பின்கால் வழுக்கிக்கொண்டு போனது. அவர் நெஞ்சுக்கு முன்னால் பிடித்திருந்த மெத்தைப் பலகையில் என் கை பட்டது, அவ்வளவுதான். பிறகு காய்ந்த தரையில் அதே குத்து. அவர் பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டார். "உன்ர கை மாறேல்ல, உன்ர இடுப்பு மாறேல்ல. நிலம் மட்டும்தான் மாறினது. விளங்குதோ?" என்றார். விளங்கியது. பின்கால் நிலத்தைத் தள்ள, அந்தத் தள்ளல் இடுப்பால் ஏறித் தோளால் போய் முஷ்டியில் முடிகிறது. நடுவில் எங்காவது ஓட்டை இருந்தால் அங்கேயே ஒழுகிப்போகும்.

அந்த மனிதரும் பெரிய பொறாமைக்காரர். வேறு வகுப்புப் பிள்ளை பரிசு வாங்கினால் கைதட்டமாட்டார். சப்பாத்து நாடாவைக் குனிந்து கட்டுவார். அதை மட்டும் அவரிடமிருந்து நான் பழகக்கூடாது என்று இளம் வயதில் நினைத்துக்கொண்டேன். நினைத்தால் நடந்துவிடுமா?

இனி துளசியின் கதைக்கு வருகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷங்களுக்கு முன், கிளிநொச்சியில் என் வகுப்புக்கு வந்து சேர்ந்தாள். பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். மெலிந்த பிள்ளை, கதைப்பது குறைவு. ஒருமுறை காட்டினால் போதும், அப்படியே செய்வாள். இடது கணுக்காலில் மட்டும் ஒரு பழைய தழும்பு. கைக்குழந்தையாக இருந்தபோது யுத்தத்தில் செல் துண்டு பட்டதாம். எங்கள் பக்கத்தில் அப்படியான தழும்பைப் பற்றி யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. நடந்தாள், ஓடினாள், உதைத்தாள். அது போதும் என்று இருந்தேன்.

நீங்கள் அவளைப் படம் எடுத்தால் புத்தகத்தில் போடலாம். முன்கால் மடித்துப் பின்கால் நீட்டி நிற்கும் நிலையில் அவ்வளவு தாழ்வு, அவ்வளவு நீளம். ஆனால் இடதுகால் பின்னால் இருக்கும்போது அவள் குத்துவதை மெத்தைப் பலகையில் வாங்கிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. தபாற்காரன் கதவைத் தட்டுவது மாதிரி இருக்கும். இடுப்பைத் திருப்பு என்றேன். திருப்பினாள். குதிக்காலை நிலத்தில் ஊன்று என்றேன். ஊன்றினால் பாதம் பக்கவாட்டில் திரும்பியது. பாதத்தை முன்னுக்குத் திருப்பு என்றேன். திருப்பினால் குதி எழும்பியது. ஒன்றைத் திருத்தினால் மற்றது கெடும். மாதக்கணக்கில் இந்த விளையாட்டுத்தான்.

விடை எனக்குக் கிடைத்தது ஒரு மழைநாளில். பாடசாலை மண்டபத்தில் அடுத்தநாள் ஏதோ விழா என்று கதிரைகளை அடுக்கிவைத்திருந்தார்கள். இடம் போதவில்லை. துளசிக்கு முன்கால் வைக்கவேண்டிய இடத்தில் ஒரு கதிரை அடுக்கு. அதனால் வழமையைவிடக் கட்டையாக, கால்களைக் கிட்டவாக வைத்து நின்று குத்தினாள். பலகையைப் பிடித்திருந்தவன் நான். தோள் பின்னால் இழுபட்டு, கதிரை அடுக்கோடு நானும் சரியப் பார்த்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். துளசி பயந்துபோய், "மாஸ்டர், நோகுதோ?" என்றாள்.

நொந்தது. ஆனால் என் கண் அவளுடைய பின்காலில்தான் இருந்தது. பாதம் முன்னுக்குத் திரும்பியிருந்தது. குதியும் நிலத்தில் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில்! அப்போதுதான் விளங்கியது. நிலை நீளமாக நீளமாகப் பின்கால் கணு கூடுதலாக மடங்க வேண்டும். அவளுடைய கணு அவ்வளவுக்கு மடங்காது. மடங்காத கணு, ஒன்றில் குதியைத் தூக்கும் அல்லது பாதத்தை வெளியே திருப்பும். எப்படியும் பலம் ஒழுகிப்போகும். ஒரு பாத நீளம் குறைத்து நின்றால் எல்லாம் சரி. சோக்கட்டியால் தரையில் இரண்டு கோடு கீறி, "இனி உன்ர அளவு இதுதான்" என்றேன். அடுத்த சில கிழமைகளில் அந்தப் பிள்ளையின் குத்துக்குப் பலகை பிடிக்கப் பெடியன்களே பயந்து பின்னுக்கு நின்றார்கள்.

அவள் என்னிடம் வந்து நாலு வருஷம் முடியும் நேரத்தில் அவளுடைய தாய் வந்தார். முல்லைத்தீவுப் பக்கம் உடையார்கட்டில் தாய்வழிக் காணியில் வீட்டுத்திட்டம் கிடைத்து, வீடு கட்டி முடிந்ததாம். குடும்பமாகப் போகிறார்களாம். "அங்க இருந்து முல்லைத்தீவு வகுப்புக்கு விடலாம் எண்டு இருக்கிறம் மாஸ்டர். ஒரு மிஸ் பழக்கிறாவாம்" என்றார். நல்லது அம்மா, விடுங்கோ என்றேன். வேறு என்ன சொல்வது?

அந்த மிஸ்தான் ஃபர்ஸானா. முல்லைத்தீவில் உடுப்புக்கடை வைத்திருந்த குடும்பம். இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்து, அங்கேயே கராத்தே பழகி, கறுப்புப் பட்டி எடுத்து, ஊர் திரும்பி, பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தார். என்னைவிட இருபது வயதுக்கு மேல் இளையவர். தலையில் இறுக்கிக் கட்டிய கறுப்புத் துணி, எந்நேரமும் விறுவிறுவென்ற நடை, மண்டபத்தின் மற்றக் கரைக்குக் கேட்கும் சிரிப்பு. பழக்குவதில் கெட்டிக்காரி. இந்த வசனத்தை எழுத எனக்கு இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

அந்த வருஷம் மாவட்டப் போட்டியில் துளசி முதலாவதாக வந்தாள். அவள் ஒரு பலகையைக் குத்தி, பிடித்திருந்தவரைப் பின்னால் அனுப்பும் வீடியோ ஒன்று பேஸ்புக்கில் வந்தது. "எங்கள் வகுப்பின் உருவாக்கம்" என்று மேலே எழுதியிருந்தது. என் பிள்ளைகளே போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். "மாஸ்டர், எங்கட துளசி!" நான் பார்த்தேன். அந்தக் கட்டை நிலை. என் சோக்கட்டிக் கோடு. கீழே நூறு பேர் ஃபர்ஸானா மிஸ்ஸுக்கு வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள்.

வீட்டிலும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "இஞ்சாருங்கோ, அதை எத்தினை தரம் பாப்பியள்?" என்றாள்.

"காலைப் பாக்கிறன்."

"அந்தப் பிள்ளையின்ர காலையோ, அந்த ரீச்சரின்ர பேரையோ?"

நான் போனை அணைத்துவிட்டு வெளியே போய் மரங்களுக்குத் தண்ணீர் விட்டேன்.

அன்றிலிருந்து ஃபர்ஸானாவின் பெயர் எங்கே கேட்டாலும் எனக்கு ஒரு வேலை வந்துவிடும். கூட்டத்தில் அவரைப் பாராட்டினால் தேத்தண்ணீர் எடுக்க எழும்புவேன். யாராவது "துளசி உங்களிட்டயும் பழகினவள்தானே?" என்றால் அந்த "உங்களிட்டயும்" என்ற சொல் இரண்டு நாளைக்குக் காதுக்குள் நிற்கும். நாலு வருஷம் நட்டு, தண்ணீர் விட்டு, பசளை போட்டு, காய்க்கும் நேரத்தில் மரத்தை வேலிக்கு அந்தப்பக்கம் விட்டவனைப் போல இருந்தேன்.

அடுத்த வருஷம் மாகாணப் போட்டி. வவுனியாவில் ஒரு பாடசாலை மண்டபம். நான் ஐந்து நடுவர்களில் ஒருவன். கட்டாப் போட்டியில் குத்து, உதை, அடிவைப்பு எல்லாவற்றையும் எதிராளி இல்லாமல் வரிசையாக, இருவர் ஒருவர் பின் ஒருவராகச் செய்து காட்டுவார்கள், ஒருவருக்குச் சிவப்புப் பட்டி, மற்றவருக்கு நீலம். முடிந்ததும் விசில் அடிக்க, நடுவர்கள் ஆளுக்கொரு கொடியைத் தூக்க வேண்டும். யோசிக்க நேரம் கிடையாது.

அரையிறுதியில் துளசி சிவப்பு. அவள் முதல் அடியை வைத்ததுமே என் கண் பின்காலுக்குப் போனது. நிலை நீண்டிருந்தது. பழையபடி படத்தில் போடக்கூடிய நீளம். இடதுகால் பின்னால் போனபோதெல்லாம் பாதம் வெளியே திரும்பியது. மூன்றாவது குத்தில் குதி எழும்பியது. குத்து முடியும் இடத்தில் உடுப்பின் கை 'சட்' என்று ஓசை தர வேண்டும். வரவில்லை. முகத்தை அவள் அசைக்கவில்லை, ஆனால் உதடு வெளிறியிருந்தது. கணு நோகிறது என்று எனக்குத் தெரிந்தது.

விசில் அடித்தது. நான் நீலத்தைத் தூக்கினேன்.

மூன்று சிவப்பு, இரண்டு நீலம். துளசி வென்றாள். மற்றப் பக்கத்தில் இருந்த ஃபர்ஸானா அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். நான் நீலத்தைத் தூக்கியது சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன். அந்தச் சுற்றில் நீலம்தான் நன்றாகச் செய்தாள். ஆனால் கொடியை இறக்கிய கணத்தில் ஃபர்ஸானாவை நினைத்து எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் எழும்பியது. "பாத்தியோ, என்ர சோக்கட்டிக் கோட்டை அழிச்சாய், இப்ப என்ன நடந்தது?" என்ற சந்தோஷம். அதைக் கண்டுதான் நான் பயந்தேன். கொடியைத் தூக்கியது என் கண்ணா, வயிறா? இந்தமுறை இரண்டும் ஒரே பக்கம் நின்றன. இறுதிப் போட்டியில் கண் ஒரு பக்கமும் வயிறு மறுபக்கமும் நின்றால் கை எதைக் கேட்கும்? எனக்குத் தெரியவில்லை.

எழும்பிப் போய்த் தலைமை நடுவரிடம் சொன்னேன்: "இறுதிப் போட்டிக்கு நான் வேண்டாம், என்னை விட்டிடுங்கோ. அந்தச் சிவப்புப் பிள்ளை முந்தி என்னிட்டப் பழகினவள்."

அவர் தண்ணீர்ப் போத்தலை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "இஞ்ச எல்லாப் பிள்ளையும் ஆரிட்டயோ பழகினதுதானே. நீங்கள் அவளுக்கு எதிராய்த்தான் தூக்கினனீங்கள், பிறகென்ன?"

"அதுதான். வேற ஆளைப் போடுங்கோ."

அவர் முணுமுணுத்துக்கொண்டு இன்னொருவரைக் கூப்பிட்டார். நான் நடுவர் கழுத்துப்பட்டியைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன். கொடி கையில் இருக்கும்வரை பிள்ளையோடோ பயிற்றுவிப்பாளரோடோ கதைக்க எனக்கு உரிமை இல்லை. இப்போது நான் மண்டபத்தில் நிற்கும் இன்னொரு கிழவன், அவ்வளவுதான். நேரே வீட்டுக்குப் போயிருக்கலாம். கால் அங்கே போகவில்லை.

மண்டபத்துக்கு வெளியே விறாந்தையில் துளசி வாங்கில் உட்கார்ந்திருந்தாள். ஃபர்ஸானா நிலத்தில் முழங்காலிட்டு அவளுடைய கணுவில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பிள்ளை எழும்பப் பார்த்தாள். "இரு, இரு" என்றேன்.

"ரீச்சர், ஒரு கதை கதைக்கவேணும்."

ஃபர்ஸானா நிமிராமலே சொன்னார். "நீங்கள் நீலம் தூக்கினனீங்கள் சேர். பாத்தனான்."

"ஓம். குதி எழும்பினது. இப்ப நான் நடுவர் இல்லை. சொல்லிப்போட்டு எழும்பி வந்திட்டன்."

அப்போதுதான் நிமிர்ந்தார். "ஏன்?"

"அதை விடுங்கோ. இவளின்ர நிலையை ஒரு பாத நீளம் குறையுங்கோ. இந்தக் கணு இவ்வளவு நீளத்துக்கு மடங்காது. கணு மடங்காட்டிப் பாதம் திரும்பும், பாதம் திரும்பினால் இடுப்பு வராது."

"முந்திக் கட்டையாத்தான் நிண்டவள். மாவட்டத்துக்கு அது போதும். மாகாணத்தில நடுவர்மார் நீளத்தைத்தான் பாப்பினம் எண்டு கொழும்பில வகுப்பெடுத்தவர் சொன்னவர். ரெண்டு மாசமாய் மாத்தி வச்சிருக்கிறன். இறுதிக்கு அரை மணித்தியாலமும் இல்லை. இப்ப வந்து மாத்தச் சொல்லுறியள்." அவர் எழும்பி என் எதிரே நின்றார். சத்தம் உயரவில்லை. "சேர், கேக்கிறன் எண்டு கோவிக்காதேங்கோ. இது பொறாமையில சொல்லுறதோ?"

துளசி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு முகம் சூடேறியது. இல்லை என்று சொல்வது எவ்வளவு சுலபம்! இல்லை என்று சொன்னால் அவர் நம்பமாட்டார். ஏனென்றால் என் முகத்திலேயே அது எழுதியிருந்திருக்கும்.

"பொறாமை இருக்குத்தான்" என்றேன். "நாலு வருஷம் நான் பழக்கின பிள்ளை. ஊர் உங்களைத்தான் சொல்லுது. அது எனக்குச் சுடுது ரீச்சர், இப்பவும் சுடுது. ஆனால் ஒரு பிள்ளையின்ர காலைப் பற்றி நான் பொய் சொல்லமாட்டன். என்னை நம்ப வேண்டாம். பலகையை நீங்களே பிடியுங்கோ. ரெண்டு விதமாயும் குத்தச் சொல்லிப் பாருங்கோ."

அவர் ஐஸை வாங்கில் வைத்தார். பிறகு பையிலிருந்து மெத்தைப் பலகையை எடுத்து நெஞ்சோடு அணைத்துப் பிடித்தார். "நீளமாய்."

துளசி நீளமாய் நின்று குத்தினாள். பலகை அசைந்தது. அவர் அசையவில்லை.

"இப்ப மாஸ்டர் சொன்ன மாதிரி."

துளசி முன்காலை இழுத்துக்கொண்டாள். பின்பாதம் தானாகவே முன்னுக்குத் திரும்பி, குதி போய் நிலத்தில் ஒட்டிக்கொண்டது. குத்து வந்தது. ஃபர்ஸானா இரண்டு எட்டுப் பின்னால் போய் விறாந்தைத் தூணைப் பிடித்து நின்றார்.

அந்தத் தூணைப் பிடித்தபடி அவர் யோசித்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் சொன்னதைக் கேட்டுப் பிள்ளை தோற்றால் பழி அவருக்கு. கேட்காமல் தோற்றாலும் அவருக்கு. வென்றால், சொன்னது நான் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

"கட்டா தொடங்கின இடத்திலயே முடியவேணும் சேர், கட்டையாய் நிண்டால் அங்க வந்து முடிக்கமாட்டாள். அதை நடுவர்மார் பிழையாய் எடுப்பினம்."

"எல்லா அடியையும் ஒரேயளவாய்க் குறைச்சால் முடிப்பாள். ஒண்டை நீட்டி ஒண்டைக் குறைச்சால்தான் பிழைக்கும்."

அவர் துளசியிடம் திரும்பினார். "உன்னால ஏலுமோ? உண்மையைச் சொல்லு."

"ஏலும் மிஸ். முந்தி அப்பிடித்தானே நிண்டனான்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள். "நோகவும் நோகாது."

"நோகுது எண்டு ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

ஃபர்ஸானா அவளுடைய பட்டியை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினார். "கட்டையாய் நில்லு. முதல் அடியிலயிருந்தே. நடுவில மனம் மாறக்கூடாது." பிள்ளையைத் தோளில் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

இறுதியை நான் வாசற்கதவடியில் நின்று பார்த்தேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை முதலில் செய்தாள். நீளம், தாழ்வு, அழகு. சபை கைதட்டியது. பிறகு துளசி. முதல் குத்திலேயே உடுப்பின் கை அடித்த ஓசை கதவடிவரைக்கும் வந்தது. சபையில் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். இடதுகால் பின்னால் போகும் ஒவ்வொரு தரமும் நான் மூச்சைப் பிடித்தேன். பாதம் முன்னுக்கு, குதி கீழே. அந்த நேரத்திலும், நம்புங்கள், எனக்குள் ஏதோ ஒரு மூலை அவள் வழுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தது. மற்ற மூலைகளெல்லாம் அவளோடு சேர்ந்து குத்தின. தொடங்கிய இடத்திலேயே வந்து முடித்தாள்.

நான்கு சிவப்பு, ஒரு நீலம்.

துளசி ஓடினாள். கதவடிக்கு இல்லை. ஃபர்ஸானாவிடம். கட்டிப்பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் அழுதார்கள். ஒலிபெருக்கியில் பிள்ளையின் பெயரும் பயிற்றுவிப்பாளரின் பெயரும் சொன்னார்கள். போன்களெல்லாம் அந்தப் பக்கம் திரும்பின. நான் பையை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தேன்.

வீட்டுக்குப் போனதும் மனைவி கேட்டாள். "பிள்ளை வெண்டிட்டாளோ?"

"ஓம்."

"பிறகேன் உங்கட முகம் இப்பிடிக் கிடக்கு?"

"வெண்டது அவாவின்ர பிள்ளை."

அவள் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எதிரே இருந்தாள். விறாந்தையில் நடந்ததைச் சொன்னேன். கேட்டு முடித்து, "வாயைத் திறந்து சொன்னியளே, அதுவே பெரிய காரியம்" என்றாள். எனக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை. சோறு இறங்கியது, அவ்வளவுதான்.

இதிலிருந்து நான் உங்களுக்குச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். பிள்ளையின் காலைப் புத்தகத்தின் அளவுக்கு இழுக்காதீர்கள், பிள்ளையின் கணுவைக் கேட்டு நிலையை வையுங்கள். நோகுது என்று சொல்லாத பிள்ளையின் உதட்டைப் பாருங்கள். கொடியைத் தூக்குவது கண்ணா வயிறா என்று சந்தேகம் வந்தால் கொடியைக் கொடுத்துவிட்டு எழும்புங்கள். பொறாமை போன பிறகு நல்லது செய்வோம் என்று காத்திருக்காதீர்கள். அது போகாது. அது பாட்டுக்கு அது இருக்கும், நீங்கள் பாட்டுக்கு நீங்கள் சரியானதைச் சொல்லுங்கள். சொன்ன பிறகு மனம் லேசாகும் என்றும் நான் வாக்குத் தரமாட்டேன். எனக்கு ஆகவில்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு, போன மாதம், ஃபர்ஸானா எனக்குப் போன் எடுத்தார். சுகம் விசாரித்தார். துளசி தேசிய மட்டப் போட்டிக்குப் போய் மூன்றாவதாக வந்ததைச் சொன்னார். எனக்கு ஏற்கெனவே தெரியும், தெரியாத மாதிரிக் கேட்டேன். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"சேர், கொக்கிளாயிலயிருந்து ஒரு பிள்ளை வாறாள். கடற்தொழில் செய்யிற ஆக்களின்ர பிள்ளை. நல்ல உடம்பு, நல்ல வேகம். நிலையும் அவளின்ர அளவுக்குத்தான் வச்சிருக்கிறன். ஆனால் குத்தில ஒண்டும் இல்லை. எங்கயோ ஒழுகுது. எனக்குப் பிடிபடேல்ல. சனிக்கிழமை உங்களிட்டக் கொண்டு வரட்டோ?"

கையிலிருந்த தேத்தண்ணீரை வைத்தேன். "கொண்டு வாங்கோ. ஆனால் ஒண்டு சொல்லிப்போட்டன் ரீச்சர்."

"என்ன சேர்?"

"இந்தப் பிள்ளையைத் திருப்பித் தரமாட்டன்."

அவர் சிரித்தார், மண்டபத்தின் மற்றக் கரைக்குக் கேட்கும் அந்தச் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை.